கிளட்ச் பெடல் மேலே வர மறுக்கும்போது

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. நான்கிலும் வண்டி பழையது, நான்கு சக்கர இயக்கம் கொண்டது. குறையும் நான்கிலும் கிளட்ச்சைப் பற்றியதுதான். எனவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மண்டபம் வாசகர்): மதிப்பிற்குரிய ஐயா, என்னிடம் 1997-ஆம் ஆண்டு ஜிப்சி ஒன்று இருக்கிறது. கருவாட்டு வியாபாரத்துக்காக அடிக்கடி பாம்பன், தங்கச்சிமடம் வரை போய் வருவேன்; சரக்கு ஏற்றக் கடற்கரை மணலிலும் இறக்குவேன். சில மாதங்களாகக் கிளட்ச் பெடலை மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் பாதி வரைதான் திரும்பி வருகிறது. மீதிக்குப் பாதத்தை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. அதிகாலையில் மிக மோசம். வெயில் ஏறினால் சற்றுத் தேவலை. ஒரு மெக்கானிக் கேபிளுக்குள் எஞ்சின் ஆயில் விட்டார். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு முன்பைவிட இறுகிவிட்டது. இன்னொரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இதற்கிடையில் பாட்டரி புதிதாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோர்ந்து சுற்றுகிறது. ஸ்டார்ட் செய்யும்போது பிளாஸ்டிக் கருகும் வாடையும் லேசாக வருகிறது. அது வேறு கோளாறு என்று நினைக்கிறேன். பாம்பன் பாலத்தின் நடுவில் பெடல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்துடனேயே ஓட்டுகிறேன்.

பதில்: கியர்பாக்ஸை இறக்க இப்போது அனுமதிக்காதீர்கள். வேறு கோளாறு என்று நீங்கள் ஒதுக்கிய அந்தக் கருகும் வாடைதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன். முதலில் பெடல் எதனால் மேலே வருகிறது என்பதைப் பார்ப்போம்.

நீங்கள் மிதிக்கும்போது கேபிள் இழுபட்டு, கியர்பாக்ஸ் ஓட்டுக்கு வெளியே தெரியும் லீவரைத் திருப்புகிறது. அந்த லீவர் ஒரு ஷாஃப்டையும், ஷாஃப்ட் உள்ளே இருக்கும் கவை போன்ற ஃபோர்க்கையும் திருப்ப, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி, கிளட்ச் பிளேட்டை எஞ்சினின் ஃப்ளைவீலோடு (கனத்த சுழல் சக்கரத்தோடு) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது. காலை எடுத்ததும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் இவ்வளவையும் வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது. அது மிக வலுவான ஸ்பிரிங். பெடல் மேலே எழும் தூரத்தின் கடைசி ஓர் அங்குலத்தை மட்டும், பெடலோடு மாட்டப்பட்ட சிறிய ரிட்டர்ன் ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிறது. ஆகவே பெடல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே பாதி விடையைத் தந்துவிடும். கடைசி அங்குலத்தில் மட்டும் தயங்கினால் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பெடலின் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் சிறு குழல்) காய்ந்திருக்கலாம். அரை மணி நேர வேலை. உங்களுடையதுபோல் பாதி வழியிலேயே நின்றால், அந்த வலுவான ஸ்பிரிங்கையே மிஞ்சும் அளவுக்கு எங்கோ ஓரிடத்தில் பிடிப்பு இருக்கிறது என்று பொருள். அந்த இடம் கேபிளாக இருக்கலாம், லீவர் ஷாஃப்டாக இருக்கலாம், ரிலீஸ் பேரிங் நகரும் குழலாகவும் இருக்கலாம். கிளட்ச் பிளேட் தேய்ந்ததனால் மட்டும் பெடல் இப்படிச் சிக்காது.

எங்கே பிடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அனுமானம் தேவையில்லை, ஒரு ஸ்பேனர் போதும். வண்டியைக் கெட்டியான தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். மணல்மேல் நிறுத்தி ஜாக்கி போட்டு அடியில் படுக்கும் வேலையை மட்டும் செய்ய வேண்டாம். லீவர் முனையில் உள்ள நட்டைத் தளர்த்திக் கேபிளைக் கழற்றிவிட்டு, பெடலைக் கையால் அழுத்தி விடுங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் குற்றம் மேலே, பெடலிலோ கேபிளிலோ இருக்கிறது. அடுத்துப் பெடல் முனையிலும் கேபிளின் கொக்கியைக் கழற்றிவிட்டால் பெடல் தனி, கேபிள் தனி. பெடல் இரண்டு விரலால் தள்ளினாலே ஆட வேண்டும். கேபிளின் உள்கம்பியை இரு முனைகளிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு எங்காவது தட்டுப்பட்டால் அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது. பெடலும் கேபிளும் சரியாக இருந்தால் மட்டுமே கியர்பாக்ஸ் ஓட்டுப் பக்கம் போக வேண்டும்.

அதிகாலையில் மோசமாகவும் வெயில் ஏறினால் இளகலாகவும் இருப்பதற்குக் காரணம் உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு வெறும் சோடியம் குளோரைடு மட்டுமல்ல. அதோடு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடு அதில் பாதிக்கும் குறைவான ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். உப்பளத்துச் சரக்கை மூட்டையில் கட்டி வைத்தவர்களுக்கு இந்தக் கசிவு தெரிந்ததுதான். எனவே மழையே பெய்யாத மாதத்திலும் உங்கள் வண்டியின் அடிப்பாகம் இரவு முழுவதும் உப்பு நீரில் நனைந்தபடி நிற்கிறது. பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களில் வாடைக் காற்றின்போதும், மன்னார் வளைகுடாப் பக்கத்தில் தென்மேற்குக் காற்றின்போதும் இது கூடுதலாகத் தெரியும். மண்டபத்துக்கு இரு பக்கமும் கடல் என்பதால் உங்களுக்கு ஓய்வு மாதமே கிடையாது.

கேபிளுக்குள் எண்ணெய் விட்டதைப் பற்றி. இவ்வகைக் கேபிள்களில் பலவற்றுக்கு உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழல் ஒன்று இருக்கும். அவை எண்ணெய் இல்லாமலே ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. எண்ணெய் விட்ட முதல் சில நாட்கள் துரு நனைந்து வழி விடும். பிறகு அதே எண்ணெய் கடற்கரையின் நுண்மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலும் எண்ணெயும் துருவும் சேர்ந்த அந்தக் குழம்பு, ஒவ்வொரு மிதிக்கும் பிளாஸ்டிக் குழலை அரத்தால் ராவுவதுபோல் ராவிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் நன்றாக இருந்து பின்னர் இறுகியதன் கதை இதுதான். துரு இளக்கும் ஸ்பிரே அடிப்பதும் இதற்கு மாற்றாகாது; அது இறுகிய போல்ட்டைக் கழற்ற உதவும், கேபிளைப் புதிதாக்காது.

இப்போது அந்தக் கருகும் வாடைக்கு வருகிறேன். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எனவே எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் போய் வர எர்த் ஒயர் அல்லது பின்னல் பட்டை ஒன்று வேண்டும். உப்புக் காற்றில் முதலில் பச்சை பூத்துப் போகிறவற்றில் அதுவும் ஒன்று. பட்டை பார்வைக்கு முழுதாக இருக்கும்; அதன் முனை போல்ட்டோடு சேருமிடத்தில் தொடர்பு அற்றுப்போயிருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கும் மேலான மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். முறையான வழி அடைபட்டால், பாடியையும் எஞ்சினையும் இணைக்கும் வேறு எந்த உலோகத்தின் வழியாகவும் அது போய்விடும். உங்கள் வண்டியில் அப்படி இணைக்கும் உலோகங்களில் கிளட்ச் கேபிளின் சுருள் எஃகு உறையும் ஒன்று. அது அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காமல் சூடேற, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் உருகிக் கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. சோர்ந்து சுற்றும் ஸ்டார்ட்டர், கருகும் வாடை, இறுகும் பெடல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இதைப் பார்க்காமல் புதுக் கேபிள் போட்டவர்கள் சில மாதங்களில் இன்னொரு கேபிள் வாங்க வேண்டியிருக்கும். பழி மட்டும் கேபிள் விற்ற கடைக்காரர்மேல் விழும்.

சோதிக்கும் முறை எளியது. மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் துருவற்ற உலோகப் பகுதியிலும் தொட்டுக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிள் ஒன்றைப் பாட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு நேராக மாட்டி ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்டார்ட்டர் சட்டென்று வேகம் பிடித்தால் அதுவே விடை. பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் கொண்டு பளபளக்கத் தேய்த்து, புதுப் பட்டையை மாட்டி இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸைப் பூசிவிட்டு மேலே பட்டையை வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இணைப்பு முதலில் உலோகத்தோடு உலோகமாக இருக்க வேண்டும், கிரீஸ் அதற்கு மேல் போடும் கூரை மட்டுமே.

புதுக் கேபிளை மாட்டும்போது பழையது போன வழியிலேயே, பெரிய வளைவுகளாகப் போகும்படி விடுங்கள். புகைக் குழாயைத் தொடக் கூடாது. வயர்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டவும் கூடாது. லீவர் முனையில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மணல் நுழைவது பெரும்பாலும் அவ்வழியேதான். பெடல் கொக்கியில் மட்டும் சிறிது கிரீஸ் வையுங்கள். நட்டைத் திருகி, பெடலை மிதிக்கத் தொடங்கும்போது எதிர்ப்பில்லாமல் ஆடும் தூரம் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும்படி ஸ்கேல் வைத்து அளந்து விடுங்கள். அதைவிடக் குறைந்தால் ரிலீஸ் பேரிங் ஓய்வின்றிச் சுற்றிக் கெடும், கிளட்ச் நழுவவும் செய்யும். கூடினால் கியர் போடும்போது கரகரக்கும்.

இதோடு ஓர் இடத்தையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டில்தான் கேபிளின் உறை ஊன்றி நிற்கிறது. ஒருவர் பெடலை மிதிக்க, நீங்கள் பானெட்டைத் திறந்து அந்த இடத்தை உற்றுக் கவனியுங்கள். தகடு ஒவ்வொரு மிதிக்கும் வயிறு உப்புவதுபோல் முன்னே வந்து போனால், அல்லது துளையைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்பில் செந்துரு கசிந்திருந்தால், தகட்டுக்கு வெல்டிங் வைத்துத் தடிப்பான பட்டை கொடுக்காமல் எந்தக் கேபிளும் ஒழுங்காக வேலை செய்யாது.

கேபிள் நல்லதென்று தெரிந்து, கழற்றிய நிலையில் லீவரைக் கையால் தள்ளினால் அது தள்ளிய இடத்திலேயே நிற்கிறதென்றால், ஷாஃப்டின் புஷ் துருப்பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து துரு இளக்கும் எண்ணெயைச் சிறிதளவு, சிறிதளவு மட்டுமே, ஷாஃப்ட் நுழையுமிடத்தில் விட்டு ஓரிரவு ஊறவைத்து அசைத்துப் பார்க்கலாம். அதிகம் விட்டால் உள்ளே வழிந்து கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்; பிறகு கியர்பாக்ஸை இறக்குவது தவிர வழியில்லை. அப்படி இறக்கும் நிலை வந்தால் புஷ், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பிளேட்டின் தடிமனை அப்போது நேரில் பார்த்து முடிவு செய்யலாம். உள்ளே இருக்கும் கரும்பொடியைக் காற்றுக் குழாயால் ஊத விடாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

பாம்பன் பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேபிள் அறுந்துவிட்டால் பதற வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, கால் எல்லாவற்றிலிருந்தும் எடுத்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்கியபடி ஊர்ந்து கிளம்பும். அதே கியரில் மெதுவாகப் பாலத்தைக் கடந்து ஓரம் கட்டலாம். கேபிள் அறாமல் பெடல் கீழேயே சிக்கிக்கொண்டால் பாதத்தால் தூக்கிவிடுவது தவிர வேறு உபாயம் இல்லை. ஆகவே இந்தச் சரிபார்ப்பை முடிக்கும் வரை சரக்கோடு பாலம் ஏற வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி (தொண்டி வாசகர்): ஐயா, என் தகப்பனார் வாங்கிய பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பை இன்னும் வைத்திருக்கிறேன். பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும் வகை. மிதித்தால் கிறீச்சென்று சத்தம். எழும்போது மெதுவாக எழுகிறது. கிரீஸ் கன் வைத்தால், கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளில் கிரீஸ் ஏறவே இல்லை, ஓரத்தில் பிதுங்கி வழிகிறது. சில நாட்களில் பிரேக்கும் லேசாகப் பிடித்தபடியே இருக்கிறது.

பதில்: தரையைத் துளைக்கும் பெடல்களின் ஷாஃப்ட் வண்டியின் அடியில், சக்கரம் வாரியிறைக்கும் நீருக்கும் மணலுக்கும் நடுவில் இருக்கிறது. இவ்வகை ஜீப்புகளில் கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் ஒரே ஷாஃப்டில் தொங்கும். எனவே இரண்டும் ஒன்றாகச் சோர்வது இயல்பே. பிரேக் பிடித்தபடி ஓடுவது டிரம்மைச் சூடாக்கும் என்பதால் உங்களுடைய குறையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நிப்பிளைத் திருகி வெளியே எடுத்து, கையில் வைத்துக்கொண்டே கிரீஸ் கன்னைச் செலுத்திப் பாருங்கள். கிரீஸ் வராவிட்டால் கெட்டது நிப்பிள்தான். சொற்ப விலை, மாற்றிவிடுங்கள். நிப்பிளில் வந்து வண்டியில் ஏறவில்லை என்றால், உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் கல்லாகி வழியை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்தி, டீசல் விட்டு ஊறவைத்தால் சில வண்டிகளில் வழி திறக்கும். ஆனால் இவ்வளவு முற்றிய நிலையில் ஷாஃப்டைக் கழற்றுவதே முறை. கழற்றியதும் ஷாஃப்டின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் கிரீஸ் அதற்கு மருந்தாகாது. லேத் பட்டறையில் கன்மெட்டல் புஷ் கடைந்து, ஷாஃப்டையும் மாற்ற வேண்டும்.

பெடலுக்கும் கிளட்ச் ஃபோர்க்குக்கும் நடுவில் ஒரு குறுக்குக் குழல், ஒரு முனை சட்டகத்திலும் மறுமுனை எஞ்சின் பக்கமும் தாங்கப்பட்டு இருக்கும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் அமுங்கி எஞ்சின் கீழே இறங்கிவிட்டால் அந்தக் குழல் சாய்ந்து இரு முனைகளிலும் இறுகும். எல்லாவற்றுக்கும் கிரீஸ் வைத்தும் பெடல் கனக்கிறது என்று சொல்லப்படும் ஜீப்புகளில் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். குழலின் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கிரீஸ் உப்பு நீர் பட்டால் பால்போல் வெளுத்து, பிடிப்பை இழந்துவிடும். படகுகளுக்கு விற்கப்படும் நீர்தாங்கும் கிரீஸ் மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊர்களில் கிடைக்கும். பெடல் ஷாஃப்டுக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் கால்சியம் வகைச் சாதாரணக் கிரீஸ் நீரைத் தாங்கினாலும் நூறு பாகைச் சூட்டுக்குள்ளேயே உருகிவிடும் என்பதால், கிளட்ச்சின் உள்ளே ரிலீஸ் பேரிங் பக்கம் அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. தரையில் பெடல் நுழையும் பிளவை மூடும் ரப்பரும் பழைய ஜீப்புகள் பலவற்றில் காணாமல் போயிருக்கும். டயர் டியூபை வெட்டி ஒன்று செய்து மாட்டிவிடுங்கள்.

கேள்வி (இராமேசுவரம் வாசகர்): என் வண்டியில் ஹைட்ராலிக் கிளட்ச். சென்ற ஆண்டு பழைய வண்டியாக வாங்கினேன். மதியம் நெரிசலில் ஓட்டினால் பெடல் தரையோடு தங்கிவிடுகிறது. காலால் தூக்கி இரண்டு மூன்று முறை அடித்தால் சரியாகிறது. ஆயில் அளவு குறையவில்லை, ஆனால் கறுத்திருக்கிறது. எங்கும் கசிவு இல்லை.

பதில்: ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிள் கிடையாது; பெடலோடு சேர்ந்த மேல் சிலிண்டர் தள்ளும் ஆயில், கியர்பாக்ஸ் பக்கம் உள்ள கீழ் சிலிண்டர் வழியாகக் கிளட்ச்சை இயக்குகிறது. கசிவு இல்லாமலே பெடல் கீழே தங்குவது, மேல் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்ததற்கான அடையாளம். அழுத்தம் வெளியே போவதில்லை. வாஷரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்வாங்கிவிடுகிறது. சில வண்டிகளில் மிதிப்பதை இலகுவாக்கப் பெடலோடு ஓர் உதவி ஸ்பிரிங் இருக்கும்; பாதிக்கு மேல் கீழே போன பெடலை அது கீழ்நோக்கியே இழுக்கும் என்பதால், எதிர்ப்பு இல்லாதபோது பெடல் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆயிலின் கறுப்பு, கரைந்து வந்த ரப்பரின் நிறம்.

மதியத்தில் மட்டும் வருவதற்கு ஈரமே காரணமாக இருக்கலாம். இந்தக் கிளட்ச்சில் ஊற்றப்படுவதும் பிரேக் ஆயில்தான்; அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 140 அளவுக்கு இறங்கலாம். டாட் 4 வகையில் இவை 230, 155. புகைக் குழாயின் அருகே இருக்கும் கீழ் சிலிண்டரில் பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், பெடலில் நீங்கள் அழுத்துவது குமிழைத்தான். அதே ஈரம் அடியில் தங்கிக் கீழ் சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கிறது.

கீழ் சிலிண்டரின் தூசி ரப்பரை விலக்கி உள்ளே ஈரமோ செந்துருக் குழம்போ இருக்கிறதா என்று பாருங்கள். பெடலுக்கு மேலே, மேல் சிலிண்டரின் தண்டு நுழையும் இடத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். கசிவு இல்லை என்று நினைக்கும் பல வண்டிகளில் அங்கே, கால்மிதியின் அடியில், ஆயில் ஊறிக்கொண்டிருக்கும். இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்தே வாஷர் கிட் மாற்றுவது நல்லது. ஒன்றை மட்டும் புதுப்பித்தால் கூடிய அழுத்தத்தில் மற்றது விரைவில் கசியும். உட்சுவரில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்காமல் சிலிண்டரையே மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு: பெடல் கல்லாக நிற்கும், கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் நழுவும். அந்நிலையில் கீழ் சிலிண்டரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தால் ஆயில் பீச்சிவிட்டு கிளட்ச் உடனே பிடிக்குமானால், ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. ஒன்று மேல் சிலிண்டரின் நுண்துளை அடைபட்டிருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். வெளியே புதிதுபோல் தெரியும் ஹோஸும் உள்ளே மூடியிருக்கலாம்.

புது ஆயில் நிரப்பி ஏர் எடுக்கும்போது (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) பெடலை ஒவ்வொரு முறையும் கையால் தூக்கிவிடுங்கள். எஞ்சின் ஆயில், ஸ்டியரிங் ஆயில் எதையும் அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது. ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும், வாஷர்கள் எல்லாம் ஊதிச் சிக்கிக்கொள்ளும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும் என்பதால் சிந்தினால் உடனே நீர் விட்டுக் கழுவுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வார்கள். தீவில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று நான் சொல்வேன்.

பழைய வண்டி என்றதால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் முன், தனுஷ்கோடிக்கு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் ஆழமற்ற கடல்நீரிலும் ஓடியே ஆட்களைக் கொண்டுசென்றன. உங்கள் வண்டி அந்தத் தடத்தில் ஓடியதா என்று விற்றவரிடம் விசாரியுங்கள். ஓடியிருந்தால் கிளட்ச்சோடு நிறுத்தாமல் பிரேக் பைப்புகளின் துருவையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி (சாயல்குடி வாசகர்): மழைக்காலம் முழுவதும் நிறுத்தி வைத்திருந்த ஜீப்பை எடுத்தேன். பெடல் இயல்பாகப் போய் வருகிறது, ஆனால் எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை. கிளட்ச் போய்விட்டதா?

பதில்: போகவில்லை, கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினை நியூட்ரலில் இருபது நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்துங்கள். எதிரில் ஆளோ சுவரோ இல்லாத, கெட்டியான, சமமான திறந்தவெளியில் இரண்டாம் கியரைப் போட்டு, பெடலை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பெடலை விடாமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி, சட்டென்று விட்டு, மீண்டும் அழுத்துங்கள். ஒட்டியது சிறு சத்தத்தோடு விடுபடும். ஒரு கை சாவியிலேயே இருக்கட்டும். மணலில் இதைச் செய்தால் சக்கரம்தான் சுற்றும், பிளேட் விடுபடாது; படகுத்துறைப் பக்கம் செய்யவே வேண்டாம். நான்கைந்து முறை செய்தும் விடவில்லை என்றால், மண்டபம் வாசகரிடம் கியர்பாக்ஸை இறக்கச் சொன்ன பட்டறைக்காரர்களின் யோசனை உங்கள் விஷயத்தில் சரி.

அடுத்த மழைக்காலத்துக்கு, டிராக்டர் வைத்திருப்பவர்கள் செய்வதைச் செய்யுங்கள்: இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவில் அளவாக வெட்டிய ஒரு கட்டையைக் கொடுத்துப் பெடலை அமுக்கியே வைத்தால் பிளேட் ஃப்ளைவீலைத் தொடாமல் நிற்கும். கியர்பாக்ஸ் ஓட்டின் அடியில் வடிகால் துளை இருந்தால் அதில் அடைந்த மண்ணையும் ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள்.